கரையேறியவர், எண் பதினேழு

லிங்கராஜபுரத்தில் இரண்டு மாதமாக ஒரு பேச்சு. ‘மறுகரை’ பகல் மையத்தில், செத்துப்போன ஒருத்தர் தினமும் காலை ஒன்பதே முக்காலுக்கு வந்து குளித்துவிட்டுப் போகிறாராம். அதுவும் கண்ட இடத்தில் இல்லை. அவர் நினைவாகக் கட்டி, அவர் பேரைக் கல்லில் வெட்டிப் பதித்திருக்கும் குளியலறையில்தானாம். இஸ்திரி வண்டி அசோகன் இதை வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேயை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டால், பார்த்தது மட்டுமில்லை, பேய் ஒரு நாள் நின்று மணி கேட்டது என்கிறார்.

சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று போனால், மையத்தின் சுவரில் குளியல் பட்டியல் தொங்குகிறது. ஒன்பதே முக்காலுக்கு நேராக ‘சாமுவேல், டோக்கன் 6’ என்று இருக்கிறது. பேய்க்கு டோக்கன் கொடுக்கும் வழக்கம் பெங்களூரில் இன்னும் வரவில்லை. தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தவருக்குக் கால் இருந்தது, நிழல் இருந்தது, சளி இருமல்கூட இருந்தது. ஆக, வதந்தியில் பாதி பொய். மீதிப் பாதி நிஜமாகப் போய்விட்டதுதான் சங்கடம். மையத்தின் பதிவேட்டைக் கேட்டால், அந்த மனிதர் போன வருஷமே இறந்துவிட்டார்.

அவருடைய சொந்தப் பேர் ஞானசேகரன். வயது அறுபத்திரண்டு. பிறந்தது கோலார் தங்கவயலில், மாரிகுப்பம் லைன் வீட்டில். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கியவர், மகனும் இறங்கினார். பதினாறு வருஷம் இறங்கி ஏறிய பிறகு சுரங்கத்தை மூடினார்கள். பூமிக்கு அடியில் கற்றுக்கொண்ட வேலைக்கு மேலே மதிப்பில்லை என்று தெரிந்ததும், பாதி ஊர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்கு வந்தது. அவரும் வந்தார். போக மூன்று மணி நேரம், திரும்ப மூன்று மணி நேரம், நடுவில் பன்னிரண்டு மணி நேரம் கேட்டில் நிற்க வேண்டும். தூங்குவதற்கென்று நாளில் அதிகம் மிச்சம் இல்லாததால் ரயிலிலேயே தூங்கினார். ஒரு நாள் மாற்று ஆள் வரத் தாமதமாகிக் கடைசி ரயில் போய்விட்டது. கண்டோன்மென்ட் ஸ்டேஷனிலேயே படுத்தார். எழுந்து பார்த்தால் ஆறு மணி நேரம் லாபம். அடுத்த வாரம் இரண்டு நாள் அங்கே படுத்தார், அதற்கடுத்த வாரம் நாலு நாள்.

வீடில்லாதவராக ஆனது இவ்வளவு சுலபமாகத்தான். குடி இல்லை, சூது இல்லை, சொத்துத் தகராறு இல்லை. மையத்தில் சேரும்போது ‘காரணம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், அப்போது மையப் பொறுப்பாளராக இருந்த மௌரீன் மேடம் ‘இதர’ என்று போட்டார். அதற்குள் மனைவி பிரிஜெட்டை அவளுடைய அண்ணன் வந்து அத்திபெலேவுக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தார். அந்த அண்ணன் பேர் சாமுவேல். அந்தப் பேரைக் கேட்டாலே ஞானசேகரனுக்கு வாய் கசக்கும்.

மறுகரையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு மாடி வீடு. காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஐந்துக்குப் பூட்டுவார்கள். உள்ளே உப்புமா உண்டு, டீ உண்டு, பத்து நிமிஷக் குளியல் உண்டு, துணி வைக்க லாக்கர் உண்டு. பதினோரு மணிக்கு வட்டமாக உட்கார்ந்து மனசில் இருப்பதைச் சொல்ல வேண்டும். வீடற்றவர் என்று யாரையும் அங்கே சொல்லக் கூடாது, மனசு புண்படும் என்பதால் ‘விருந்தினர்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்கு மணி அடித்து விருந்தினர்களைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு விருந்து கொடுத்தவர்கள் வீட்டுக்குப் போவார்கள். தொடர்ந்து மூன்று நாள் வராத விருந்தினரின் பேரை அடித்துவிட்டு லாக்கரை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வெளியே நூறு பேருக்கு மேல் காத்திருக்கிறார்களே, வேறு என்ன செய்வது.

வேலையும் தங்க இடமும் கிடைத்துவிட்டால் அந்த விருந்தினர் ‘கரையேறியவர்’. படமெடுத்து, நம்பர் போட்டு, ஹாலில் மாட்டுவார்கள். ஞானசேகரன் நாலு வருஷத்துக்கு முன்னால் கரையேறினார். சந்தாபுராவில் ஒரு அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி வேலை, தண்ணீர் மோட்டார் பக்கத்தில் ஒரு அறை. பதினேழாம் நம்பர் படத்தில் தொப்பி, சாயம் பூசிய மீசை, உப்பிய கன்னம். படத்துக்குக் கீழே அவர் சொன்னதாக ‘நான் கரையேறினேன், நீங்களும் ஏறலாம்’ என்று ஒரு வாசகம். படமெடுக்கப் போனவர்களிடம் அவர் நிஜமாகச் சொன்னது, ரூமில் தண்ணீர் ஒழுகுகிறது என்பதை.

அப்புறம் கண்ணில் புரை விழுந்தது. முதலில் இடது கண், பின்னாலேயே வலது கண். ஆட்களை நடையை வைத்தும் குரலை வைத்தும் அடையாளம் கண்டு ஒரு வருஷம் ஓட்டினார். ஒரு நாள் தொண்டை கட்டியிருந்த ஒருவரை கேட்டில் நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும், நோட்டில் எழுதுங்கள் என்றார். அவர் அசோசியேஷன் செக்ரெட்டரி. கண் தெரியாதவனைக் காவலுக்கு வைத்த மடையன் யார் என்று செக்ரெட்டரி கேட்டார். வைத்தவரும் அவர்தான் என்பதை நினைவுபடுத்த அங்கே யாரும் இல்லை. வேலையும் அறையும் ஒரே நாளில் போயின.

அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். முற்றிய புரை, எடுத்தால் பார்வை வரும், விட்டால் கெட்டுப்போகும் என்றார்கள். மூன்று நாள் படுக்க வேண்டும், கூட யார் என்று கேட்டார்கள். கூட யாரும் இல்லை. ஆள் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் மறுகரையில் வருஷத்துக்கு ஒரு தடவை, டிசம்பரில், ஒரு தனியார் கண் முகாமுக்கு பஸ் போகும். கூடவே துணைக்கு ஆள், மருந்து, திரும்பி வந்தபின் பகலில் படுக்கப் பாய், எல்லாம் மையத்தின் பொறுப்பு. பதிவேட்டில் பேர் இருந்தால் போதும்.

ஞானசேகரன் மறுகரைக்குப் போனார். மௌரீன் மேடம் கையைப் பிடித்து உட்கார வைத்து டீ கொடுத்தார்.

“அங்கிள், நீங்க எங்க சக்ஸஸ். சக்ஸஸைத் திரும்ப எப்படி அங்கிள் ரெஜிஸ்டர்ல போடறது?”

மையத்தின் அறிக்கையில் முதல் பக்கத்திலேயே ஒரு வரி உண்டு: ‘இங்கிருந்து கரையேறிய எவரும் திரும்பி வந்ததில்லை.’ பொய் என்று யாரும் சொல்ல முடியாது. வந்தவர்களை அவர்கள் சேர்ப்பதில்லை.

இரண்டு மாதம் பாலத்தடியிலும் சர்ச் வாசலிலும் கழிந்தது. தாடி வளர்ந்தது, உடம்பு பாதியானது. அப்போதுதான் க்ளென் ஒரு சேதி கொண்டுவந்தார். க்ளென் லிங்கராஜபுரத்துக்காரர். ஒரு காலத்தில் கல்யாண ரிசப்ஷன்களில் டிரம்ஸ் வாசித்தவர், இப்போது மறுகரையில் விருந்தினர், வயது ஐம்பது. மௌரீன் மேடத்துக்கு பிரமோஷன் கிடைத்துத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டார், புதுசாக யுவன் என்று ஒரு பையன் வந்திருக்கிறான், படிப்பு ஜாஸ்தி, ஆளைத் தெரியாது, வேறு பேர் சொல்லிச் சேர்ந்துகொள் என்றார் க்ளென்.

யுவன் எல்லோரையும் சார் என்று கூப்பிடுகிற நல்ல பிள்ளை. பேர் என்ன சார் என்று கேட்டான். ஞானசேகரன் யோசித்து வைத்திருந்த பேர் அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. வாயில் வந்தது சாமுவேல். ஆதார் தொலைந்துவிட்டது, மூன்று மாதத்தில் எடுத்துக் கொடுக்கிறேன் என்றார். கண் தெரியாதவர் என்று யுவன் வரிசையைத் தாண்டி இடம் கொடுத்தான். சேர்ந்தார். டோக்கன் ஆறு, லாக்கர் பன்னிரண்டு, கண் முகாம் பட்டியலில் எட்டாவது பேர். மச்சான் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் திரும்பிப் பார்க்க அவருக்கு ஒரு நொடி பிந்தும். வயசாகிவிட்டது, காதும் மந்தம் என்று யுவன் குறித்துக்கொண்டான். சாப்பாட்டுப் பலகையில் அவருக்குக் கிடைத்த இடம் பதினேழாம் நம்பர் படத்துக்கு நேர் கீழே. யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. சுவரில் மாட்டிய படத்தையும் கீழே உட்கார்ந்திருக்கிற ஆளையும் சேர்த்துப் பார்க்கிற பழக்கம் அங்கே இல்லை.

நவம்பர் கடைசியில் வினை வந்தது. கரையேறியவர்கள் நாற்பத்து மூன்று பேரையும் போனில் கூப்பிட்டு நலம் விசாரித்து அறிக்கை எழுதும்படி யுவனுக்கு உத்தரவு. அவன் மாடியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். கீழே எலுமிச்சைச் சோற்று வரிசையில் நின்றிருந்த சாமுவேலின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவருக்குக் கை ஓடவில்லை. பின்னால் நின்ற க்ளென் போனைப் பிடுங்கிக்கொண்டு கக்கூசுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டார்.

“அவரு இறந்துட்டாரு சார். போன ஞாயித்துக்கெழம. நா மச்சான் பேசறேன். அபார்ட்மென்ட்காரங்களே அடக்கம் பண்ணிட்டாங்க.”

மாடியில் யுவன் ஐயோ என்றது கீழே வரிசைக்கே கேட்டது.

கக்கூசிலிருந்து வந்த க்ளென்னை ஞானசேகரன் ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். “ஏண்டா என்னைய சாவடிச்ச?”

“பின்ன இன்னா சொல்றதுண்ணா? நல்லா இருக்கார்னா நாளைக்கே சந்தாபுராவுக்கு வீடியோ எடுக்கப் போவான். ரோட்ல இருக்கார்னா ஆபீஸ்ல இருந்து மௌரீன் மேடம் தேடிகினு வரும். செத்தவன் ரூமை எவன் போய்ப் பாப்பான்? சும்னே இரு, பஸ்ஸுக்கு இன்னும் பத்து நாள்தான்.”

கணக்கு சரிதான். ஆனால் உயிரோடிருந்த பதினேழாம் நம்பரைவிடச் செத்த பதினேழாம் நம்பருக்கு மதிப்பு அதிகம் என்பதை க்ளென் எதிர்பார்க்கவில்லை. நிம்மதியாக வாழ்ந்து, சொந்த அறையில், மரியாதையோடு மறைந்த முதல் கரையேறியவர். தலைமை அலுவலகம் உருகிவிட்டது. பின்பக்கம் புதுசாகக் கட்டி முடித்திருந்த குளியலறைக்கு அவர் பேரையே வைப்பது என்றும், முகாம் பஸ்ஸுக்கு முந்தின நாள் நினைவுக் கூட்டம் நடத்தித் திறப்பது என்றும் முடிவானது. யுவன் பழைய படிவத்தைத் தேடிப் பிரிஜெட்டுக்கும் போன் செய்தான். அவள் முழுசாகக் கேட்டுக்கொண்டு, தன்னிடமிருந்து ஏதாவது கையெழுத்து வேண்டுமா என்று கேட்டாளாம். வேண்டாம் என்றதும், அன்றைக்கு கார்மென்ட்ஸில் டூட்டி இருக்கிறது, வர முடியாது என்றாளாம். கூட்டத்தில் யுவன் இதை ‘துக்கம் தாளாமல் வர இயலவில்லை’ என்று வாசித்தான். ஞானசேகரன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

படத்துக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். இரண்டு நிமிஷ மௌனம் முடிந்தது. மறைந்தவரும் தங்கவயல், சாமுவேல் சாரும் தங்கவயல், அவர் நாலு வார்த்தை பேசட்டும் என்று யுவன் ஆசைப்பட்டான். வேண்டாம் என்று கையை ஆட்டியும் விடவில்லை, மைக்கைக் கையில் திணித்தான். ஞானசேகரன் எழுந்து நின்று தன் படம் இருக்கும் பக்கமாகப் பார்த்தார். மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

“நல்ல மனுஷன்,” என்றார். “கண்ணுதான் சரியில்ல.”

முன்வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்த மௌரீன் மேடம் அந்தக் குரலைக் கேட்டுத் தலையைத் தூக்கினார். தாடி மறைக்கலாம், இளைப்பு மறைக்கலாம், குரலை எதுவும் மறைப்பதில்லை. அடுத்துப் பேச வேண்டியவர் அவர்தான். எழுந்துபோய்ப் பேசினார். ஞானசேகரன் அங்கிளை எப்படி மறக்க முடியும் என்றார், அவர் இன்னும் நம்மோடுதான் இருக்கிறார் என்றும் சொன்னார். ரிப்பன் வெட்டினார், கைதட்டினார்கள். அதற்கப்புறம்தான் சாமுவேலை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

திட்டவில்லை. அழுதார். மௌரீன் மேடம் பொய்யாக அழுகிற ஆள் இல்லை, கண்ணீர் கன்னத்தில் வழிய வழியத்தான் விளக்கினார்.

“உயிரோட இருந்தீங்கன்னா நீங்க சக்ஸஸ் அங்கிள், சக்ஸஸுக்கு பஸ்ல இடம் கிடையாது. சாமுவேலா போனீங்கன்னா முகாம்ல கட்டைவிரல் வைக்கச் சொல்வாங்க. ஆதார்ல ஞானசேகரன்னு வரும். பேப்பர் எல்லாம் ஹெட் ஆபீஸுக்குப் போகும். இப்பதான் கல்லு வச்சிருக்கோம். நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க.”

மேடமே பட்டியலில் எட்டாவது பேரை அடித்தார். குளிக்க, சாப்பிட சாமுவேலாக வந்துகொண்டே இருக்கலாம், யுவனிடம் தான் எதுவும் சொல்லப் போவதில்லை என்றார். அரசு ஆஸ்பத்திரிக்கு ஏன் போகக் கூடாது என்று ஒரு யோசனையும் சொன்னார். கூட ஆள் வேண்டும் என்றார் ஞானசேகரன். யாராவது கிடைக்க மாட்டார்களா என்று சொல்லி மௌரீன் மேடம் மூக்கைச் சிந்தினார்.

வெளியே வந்து க்ளென்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். க்ளென் சட்டையைத் தூக்கி, பேன்ட்டுக்கு மேலே எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்திருந்த இடத்தைக் காட்டினார். குடலிறக்கம். மூன்று வருஷமாகக் கையால் உள்ளே தள்ளித் தள்ளி நடமாடுகிறார். அவரையும் கூட ஆள் இல்லாமல்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

“நா உனக்கு மூணு நாள் ஆஸ்பத்திரில இருக்கேன். அப்புறம் நீ எனக்கு மூணு நாள் இரு. ஆனா இங்க பேரை அடிச்சிருவாங்களே. மேடம் கிளம்பறதுக்குள்ள போய் ரெண்டு பேருக்கும் லீவு கேட்டு வாங்கிருண்ணா. அது இப்ப உனக்கு இல்லன்னு சொல்லாது.”

மௌரீன் மேடம் காரில் ஏறப்போகும் நேரத்தில் ஞானசேகரன் போய் நின்றார். மூன்று நாள் வராவிட்டால் பேரை அடிக்காமல் இருக்க வேண்டும் என்று கேட்டார். அவர் பெருமூச்சு விட்டு, யுவனுக்குப் போன் போட்டு, சாமுவேலுக்கு உடம்பு சரியில்லை, மூன்று நாள் லீவு எழுதிக்கொள் என்றார். போனை வைத்துவிட்டு, வேறு ஏதாவது வேண்டுமா அங்கிள் என்று கேட்டார். கேட்கிறபோதே ஒரு கால் காருக்குள் இருந்தது. களைத்த குரல். இரண்டாவதாக ஒன்று கேட்டால் முதலில் கொடுத்ததையும் திருப்பி வாங்கிக்கொள்வாரோ என்று ஞானசேகரனுக்குத் தோன்றியது.

“ஒண்ணும் இல்ல மேடம்.”

கார் போனது. க்ளென் கேட்டுக்குப் பக்கத்திலேயே காத்திருந்தார்.

“எம் பேரச் சொன்னியாண்ணா?”

“சொன்னேன்.”

க்ளென் சொன்னபடி மூன்று நாளும் இருந்தார். கட்டிலுக்கு அடியில் பேப்பர் விரித்துப் படுத்தார். கஞ்சி வாங்கி வந்து ஊட்டினார், மருந்துக் கடை வரிசையில் நின்றார், மணி பார்த்துச் சொட்டு மருந்து விட்டார், பாத்ரூமுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். குனிந்து நிமிரும்போதெல்லாம் ஒரு கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டார். நர்ஸ் இவரைத் தம்பி என்று நினைத்து, அண்ணனை நல்லாப் பாத்துக்கிறீங்க என்றார். இடது கண்ணின் கட்டைப் பிரித்ததும் ஞானசேகரன் முதலில் பார்த்தது க்ளென்னின் முகத்தை. நினைத்திருந்ததைவிட வயசான முகமாக இருந்தது.

நாலாம் நாள் காலை மறுகரையில் யுவன் சாமுவேல் சாரை வரவேற்றுப் படுக்கப் பாய் போட்டான். க்ளென் சாருக்கு ஒரு சாக்குப் பையைக் கொடுத்தான். லாக்கரில் இருந்ததெல்லாம் அதில் இருந்தது. இரண்டு சட்டை, ஒரு பைபிள், டிரம்ஸ் குச்சி ஒரு ஜோடி. விதி சார், மன்னிச்சிருங்க, லிஸ்ட்ல நூத்திப்பத்தாவதா எழுதிக்கறேன் என்றான். மேடம் சொல்லியிருப்பாங்களே என்றார் க்ளென். எதுவும் சொல்லவில்லையே என்றான் யுவன். க்ளென் திரும்பி ஞானசேகரனைப் பார்த்தார். ஞானசேகரன் ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டிருந்தார். அதற்குள் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று தெரியவில்லை. பெரிய மனுஷங்க, ஆயிரம் வேலை, மறந்திருப்பாங்க என்று க்ளென்னே சொல்லிவிட்டுச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ஒரு போன் போட்டு, மேடம், க்ளென்னுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதுதானே என்று மேடம் கேட்பார். கேட்கவில்லை என்பது க்ளென்னுக்குத் தெரியவரும். ஆகவே போன் போடவில்லை. க்ளென்னுக்குத் துணையாக மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் சாமுவேலின் பேரையும் அடிப்பார்கள். கண்ணில் தூசி படக் கூடாதென்று டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார். இப்படி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே வந்தது. முதல் வாரம், அடுத்த வாரம் போகலாம் என்றார். அடுத்த வாரம், சளி என்றார். மூன்றாம் வாரத்திலிருந்து நேரில் சொல்லும் வேலையே இல்லாமல் செய்துகொண்டார்.

ஆஸ்பத்திரி அட்டையை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு க்ளென் தினமும் ஐந்து மணிக்கு மறுகரை கேட்டுக்கு எதிரே வந்து நிற்கிறார். இப்போது கொஞ்சம் சாய்ந்தாற்போல்தான் நிற்க முடிகிறது. ஞானசேகரனின் இடது கண் நன்றாக வேலை செய்கிறது. தெருமுனையில் க்ளென் திரும்பும்போதே மாடி ஜன்னலிலிருந்து ஆளைத் தெரிந்துவிடுகிறது. உடனே பையை எடுத்துக்கொண்டு, சிலிண்டர் இறக்கும் பின்கதவு வழியாக அடுத்த சந்துக்கு இறங்கிவிடுகிறார்.

மணி அடித்து விருந்தினர்கள் வெளியே வரும்போது க்ளென் ஒவ்வொருவரிடமும் விசாரிப்பார். அப்போதும் ஞானம் அண்ணா என்று ஒரு தடவைகூட வாய்தவறி வந்ததில்லை.

“சாமுவேல் அண்ணா வந்தார்னா சொல்லுங்க, மூணு நாள் பாக்கி இருக்கு. அவருக்குத் தெரியும்.”